டவுன் சின்ட்ரோம் பிள்ளைகளும் கேட்டடோனியா என்னும் உறைநிலை நோயும்

திருக்குறளில் மருந்து அதிகாரத்தை நிறைவு செய்யும் குறள், மருத்துவத்துக்கு நான்கு அங்கங்கள் உண்டு என்கிறது. நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, உடனிருந்து பணி செய்பவர் என்பன அவை. முதல் மூன்றைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நான்காமவரை, ஏதோ கஞ்சி காய்ச்சிக் கொடுப்பவர் என்ற அளவில் விட்டுவிடுகிறோம். ஆனால் சில நோய்களில் அந்த நான்காமவர் வாய் திறந்து சொன்னால்தான் மருத்துவருக்கு நோயே புலப்படும். அப்படிப்பட்ட ஒரு நோயைப் பற்றியதே இக்கட்டுரை.

அடியேன் மருத்துவன் அல்லன். காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கம் நாற்பது வருஷமாகப் பாத்திரக்கடை நடத்துபவன். என் தங்கை மகனுக்கு இந்நோய் வந்து, ஐந்து மாதம் அது இன்னதென்று தெரியாமல் நாங்கள் அலைந்தோம். அதன்பின் மருத்துவர்களைக் கேட்டும் நூல்களைத் தேடிப் படித்தும் அறிந்துகொண்டதை, இன்னொரு குடும்பம் அந்த ஐந்து மாதத்தை இழக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

டவுன் சின்ட்ரோம் என்பது

1866-இல் இங்கிலாந்தில் ஜான் லாங்டன் டவுன் என்ற மருத்துவர் இப்பிள்ளைகளின் பொதுவான உடற்கூறுகளை முதன்முதலில் தொகுத்து எழுதினார். அவர் பெயரே நிலைத்துவிட்டது. காரணம் தெரிய இன்னும் 93 ஆண்டுகள் ஆயின. நம் உடலின் உயிரணு ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள், 23 ஜோடிகளாக உள்ளன. இப்பிள்ளைகளுக்கு 21-ஆவது ஜோடியில் ஒன்று கூடுதலாக இருக்கிறது என்பதை 1959-இல் பிரான்சில் ஜெரோம் லெஜூன் குழுவினர் வெளியிட்டனர். இதனால்தான் ஆண்டுதோறும் மூன்றாம் மாதம் 21-ஆம் தேதி உலக டவுன் சின்ட்ரோம் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

இது நோயன்று, பிறவி அமைப்பு. கற்றல் மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும். ஒரு காலத்தில் இப்பிள்ளைகள் இளமையிலேயே இறந்துபோவார்கள். இன்று இருதய அறுவை சிகிச்சையும் நல்ல பராமரிப்பும் கிடைத்தால் அறுபது வயது வரையிலும் வாழ்கிறார்கள். எனவே இவர்கள் இளைஞராகி, நடுவயதினராகி வாழ்வதைப் பற்றி நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. இளம்பருவத்தில் வரும் ஒரு ஆபத்தைப் பற்றிப் பேச வேண்டியதும் அதனால்தான்.

கடையில் கண்டது

என் மருமகனுக்கு அப்போது 19 வயது. சிறப்புப் பள்ளி முடித்துவிட்டுத் தினமும் காலையில் என் கடைக்கு வருவான். டம்ளர்களை ஆறு ஆறாக அடுக்குவான், தூக்குகளுக்கு மூடி பொருத்திப் பார்ப்பான், தெரிந்தவர்கள் வந்தால் "மாமா, டீ சொல்லட்டா?" என்று கேட்டுவிட்டுத் தானே எதிர்க்கடைக்குப் போய்ச் சொல்லிவருவான். கடையில் அவன் இல்லாத நாளில் வாடிக்கையாளர்கள் விசாரிப்பார்கள்.

2019 ஆடி மாதத்தில் அவன் பேச்சு குறையத் தொடங்கியது. முதலில் முழு வாக்கியம் போயிற்று, பிறகு சொல் போயிற்று, கடைசியில் தலையசைப்பும் போயிற்று. ஒரு நாள் ஒரு டம்ளரைக் கையில் எடுத்தான். அடுக்கின் மேல் வைக்கப் போன கை பாதியில் நின்றுவிட்டது. இரண்டு வாடிக்கையாளர்களுக்குப் பில் போட்டு அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், கை அப்படியே இருக்கிறது. "வைடா" என்றேன். வைக்கவில்லை. நான் கோபித்துக்கொண்டேன். அந்தக் கோபத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

வீட்டிலும் இதே கதை. வாசற்படியில் ஒரு காலை வைத்துவிட்டு அங்கேயே நிற்பான். சாப்பாட்டை வாயில் வைத்தால் மெல்லாமல், விழுங்காமல் அடக்கிக்கொள்வான். ஐந்து மாதத்தில் ஒன்பது கிலோ எடை இறங்கியது. முதலில் பார்த்த மருத்துவர் ஒருவர், "டவுன் பிள்ளைகள் வயசு ஏற ஏற இப்படித்தான் ஆவாங்க, பழகிக்கோங்க" என்றார். இன்னொருவர் பிடிவாதத்துக்கென்று கொடுத்த மாத்திரையில் உடம்பு இன்னும் விறைத்தது. உறவினர்கள் கண்ணேறு என்றும் காற்று சேஷ்டை என்றும் சொன்னார்கள்.

பெயரும் வரலாறும்

இந்நிலைக்குக் கேட்டடோனியா என்று பெயரிட்டு 1874-இல் தனி நூலே எழுதியவர் கார்ல் கால்பாம் என்ற ஜெர்மானிய மனநல மருத்துவர். தமிழில் உறைநிலை எனலாம். அவருக்குப் பின் வந்தவர்கள் இதை மனச்சிதைவு நோயின் ஒரு வகையாகவே கருதிவிட்டார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுக் காலம் அந்தக் கருத்தே ஓங்கியிருந்தது. மனச்சிதைவு இல்லாதவர்களுக்கும், அதாவது மனச்சோர்வு, மூளை அழற்சி, ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் இது வருகிறது என்று பின்னர் தெளிவாயிற்று. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு நோய்க் கையேடு, கேட்டடோனியாவை மனச்சிதைவின் உட்பிரிவுப் பட்டியலிலிருந்து எடுத்து, எந்த நோயோடும் சேர்ந்து வரக்கூடிய ஒன்றாக வைத்தது.

டவுன் சின்ட்ரோம் இளைஞர்கள் திடீரென்று பின்னடைவதற்கு இந்நோய் ஒரு காரணம், அது குணப்படுத்தக்கூடிய காரணம் என்று 2015-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நீரா காசியுத்தீன் குழுவினர் எழுதினர். 2019-இல் மிசௌரிப் பல்கலைக்கழகத்தார் ஏழு நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினர். 2022-இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி, இளம்வயதில் சில வாரங்களில் அல்லது மாதங்களில் வரும் இப்பின்னடைவுக்குப் பொதுவான வரையறை வகுத்தனர். நம் பிள்ளைக்கு வந்தபோது இவ்வறிவு உலகத்துக்கே புதிது என்பதை உணர்ந்த பிறகு, முதலில் பார்த்த மருத்துவர் மீதிருந்த என் வருத்தம் ஓரளவு தணிந்தது.

தவநிலையும் உறைநிலையும்

எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர், "புள்ள தியானத்துல நிக்கறான்" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். சிரவணபெளகுளாவில் 57 அடி உயரத்தில் நிற்கும் கோமட்டேசுவரரை நாம் அறிவோம். அவர் நிற்பது காயோத்சர்க்கம். உடற்பற்றை விடுத்து, தம் விருப்பால், விழிப்போடு அசைவை நிறுத்திய நிலை அது. வேண்டும்போது நடக்கவும் முடியும். கேட்டடோனியாவில் நிற்பவனோ நடக்க விரும்புகிறான், நடக்க முடியவில்லை. முன்னது சாதனை, பின்னது சிறை. இரண்டையும் ஒன்றாக எண்ணுவது நோயாளிக்குச் செய்யும் தீங்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞானாவரணீய கருமம் அறிவை அழிப்பதில்லை, மூடி மறைக்கிறது என்பது சமண சித்தாந்தம். இந்நோயிலும் அதைக் கண்ணால் பார்த்தேன். பேசாதவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். குணமான பிறகு, அவன் முன்னிலையில் நாங்கள் பேசிய சிலவற்றைத் திருப்பிச் சொன்னான். உறைந்திருப்பவர் எதிரில் "இவன் இனி தேறமாட்டான்" என்று யாரும் பேசவே கூடாது.

வீட்டில் கண்டுகொள்ளும் அறிகுறிகள்

மேற்சொன்ன கையேடு பன்னிரண்டு அறிகுறிகளைக் கூறுகிறது. மூன்று இருந்தால் கேட்டடோனியா எனலாம். 1996-இல் வந்த புஷ், பிரான்சிஸ் என்போரின் அளவுகோலில் 23 கூறுகள் உள்ளன. நம் ஊர் மருத்துவர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டார் கண்ணுக்குத் தெரியும் வகையில் அவற்றைச் சொல்கிறேன்.

1. பேச்சு குறைதல், நின்றுபோதல், அல்லது கிசுகிசுப்பாக மாறுதல்.

2. அசைவு மிக மெதுவாதல். அரை மணியில் முடிந்த குளியல் இரண்டு மணி நேரம் ஆகும். வாசற்படி, மாடிப்படி போன்ற இடங்களில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நிற்கும்.

3. கை, கால், தலை ஏதேனும் ஒரு நிலையில் நெடுநேரம் நிற்றல். நாம் கையைத் தூக்கிவிட்டால், மெழுகுப் பொம்மைபோல் தூக்கிய இடத்திலேயே இருக்கும்.

4. சொன்னதைச் செய்யாமை, அல்லது சொன்னதற்கு நேர்மாறாகச் செய்தல். இதைத்தான் நாம் பிடிவாதம் என்று எண்ணிவிடுகிறோம்.

5. நாம் சொன்ன சொல்லையே திருப்பிச் சொல்லுதல், நம் செய்கையையே திருப்பிச் செய்தல்.

6. காரணமில்லாமல் முகத்தைச் சுளித்தல், வெறித்துப் பார்த்தல், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தல்.

7. உண்ணவும் பருகவும் மறுத்தல், சிறுநீர் கட்டுப்பாடு குலைதல், உறக்கம் கெடுதல்.

8. இவற்றுக்கு நடுவே திடீரென்று காரணமற்ற ஆவேசம். ஓடுவது, அடிப்பது, தன்னையே அடித்துக்கொள்வது. அசைவற்றிருப்பது மட்டுமே கேட்டடோனியா என்று எண்ணக் கூடாது. ஆவேசமும் அதன் இன்னொரு முகம்.

காய்ச்சல், உடல் விறைப்பு, அதிக வியர்வை, நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறி இறங்குதல் ஆகியவை சேர்ந்து வந்தால் உயிருக்கு ஆபத்து. நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது இல்லாவிட்டாலும், நெடுநாள் அசையாமல் கிடந்தால் நீர்ச்சத்து வற்றும், காலில் இரத்தம் உறையும், படுக்கைப்புண் வரும், உணவு மூச்சுக்குழாயில் போய் நிமோனியா வரும். ஆகவே "தானா சரியாயிடும்" என்று இருக்கக் கூடாது.

ஏன் தவறவிடுகிறோம்

பிறவியிலேயே ஒரு குறை இருந்தால், புதிதாக எது வந்தாலும் அந்தக் குறையின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு அல்சைமர் என்னும் மறதிநோய் மற்றவர்களைவிட முன்னதாக வரும் என்பது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் நாற்பது வயதுக்கு மேல், மெல்ல மெல்ல வருவது. பதினைந்திலோ இருபதிலோ சில மாதங்களில் பேச்சும் நடையும் போனால் அது முதுமையன்று. "அவன் அப்படித்தான்" என்ற சொல்லை இப்பிள்ளைகள் விஷயத்தில் நாம் விட்டொழிக்க வேண்டும். அவன் நேற்று அப்படி இல்லை என்பதே கவனிக்க வேண்டிய செய்தி.

இப்பின்னடைவு, பள்ளி முடிதல், நண்பர் பிரிதல், வீட்டில் ஒரு சாவு, அக்காள் திருமணமாகிப் போதல் போன்ற மாற்றங்களுக்குப் பின் வருவது உண்டு. அப்படி எதுவும் இல்லாமலும் வருவதுண்டு. சிலரிடம் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே மூளையைத் தாக்குவதாகக் கருதி, அதற்கான சிகிச்சை ஆய்வுகள் அமெரிக்காவில் தொடங்கப்பட்டுள்ளன.

வேறு என்னென்ன பார்க்க வேண்டும்

கேட்டடோனியா என்று சந்தேகித்தாலும் மருத்துவர்கள் மற்றவற்றையும் சோதிப்பார்கள். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டுக் குறைபாடு மிகுதி. உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயும் மிகுதி. கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய், வைட்டமின் பி12 குறைவு, கண் புரை, காது மந்தம், வலிப்பு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். கழுத்தெலும்பின் மேல் இரண்டு கணுக்கள் தளர்ந்து தண்டுவடத்தை அழுத்தினாலும் நடை கெடும். வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பல்வலிகூடச் சாப்பாட்டை நிறுத்திவிடும். இரத்தப் பரிசோதனை, மூளை ஸ்கேன், மூளை மின்வரைவு, தேவைப்பட்டால் முதுகுத் தண்டுநீர்ப் பரிசோதனை எல்லாம் இதற்காகத்தான்.

சிகிச்சை: விழிக்கவைக்கும் தூக்க மருந்து

பெங்களூர்க்காரர்களாகிய நமக்கு ஒரு பெரும் வசதி, ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் இருப்பது. பழைய மைசூர் அரசின் மனநல மருத்துவமனையும், 1954-இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் 1974-இல் இணைந்து உருவானது அது. கேட்டடோனியா பற்றிப் பல ஆய்வுகள் அங்கிருந்து வெளிவந்துள்ளன. இருந்தும் நம் கன்டோன்மென்ட் பகுதித் தமிழர்கள், "நிமான்ஸா? பைத்தியக்கார ஆஸ்பத்திரியாச்சே!" என்று தயங்குகிறோம். நாங்களும் தயங்கினோம். அந்த ஐந்து மாதத்தில் இரண்டு மாதம் எங்கள் தயக்கத்துக்கே போயிற்று.

அங்கே ஒரு இளம் டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி, "ஆறு மாசத்துக்கு முன்னாடி இவர் என்னென்ன செய்வார்?" என்பதுதான். அதுவரை எவரும் அதைக் கேட்டதில்லை. என் தங்கை அழுதாள். நான் டம்ளர் அடுக்கியதையும் டீ சொன்னதையும் சொன்னேன். அவர் பையனின் கையை மெல்ல உயர்த்தி விட்டார். கை அந்தரத்தில் நின்றது.

பிறகு லோரசிபாம் என்ற மருந்தை ஊசியாகப் போட்டார்கள். பொதுவாக ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் கொடுத்து, சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரம் வரை கவனிப்பார்கள். நோயைக் கண்டறிவதும் அதற்கு மருந்து தருவதும் ஒரே காரியத்தில் முடிகிறது. இது பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கப்படும் மருந்து. மற்றவர்களைத் தூங்கவைப்பது உறைந்தவர்களை எழுப்புகிறது! மூளையில் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை இம்மருந்து வலுப்படுத்துகிறது. அந்த வேலை குன்றிப்போவதே உறைதலுக்கு ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். அரைமணி கழித்து என் மருமகன் மேஜைமேல் இருந்த தண்ணீரைத் தானே எடுத்துக் குடித்தான். மாலையில் மருந்தின் வேகம் தணிந்ததும் மறுபடி உறைந்தான். "பயப்படாதீங்க, நோய் இன்னதுன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார் அந்த அம்மா.

இம்மருந்தைப் பிறகு மாத்திரையாகத் தினமும் கொடுத்து, அளவைப் படிப்படியாகக் கூட்டுவார்கள். டவுன் சின்ட்ரோம் பிள்ளைகள் பலருக்கு அதிக அளவும் நீண்ட காலமும் தேவைப்படுகின்றன. மூன்று எச்சரிக்கைகள்: உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் பிள்ளைகளுக்கு இம்மருந்தை மிகக் கவனமாகத் தர வேண்டும். டாக்டர் சொல்லாமல் ஒரு நாளும் திடீரென்று நிறுத்தக் கூடாது. கையிருப்பு தீரும் முன்பே புதுச் சீட்டு வாங்கிவிட வேண்டும், சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் தரமாட்டார்கள். 2020 ஊரடங்கில் இதற்காக நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது.

இன்னொரு முக்கியமான செய்தி. மனச்சிதைவுக்குத் தரும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள், கேட்டடோனியா இருக்கும்போது நோயைக் கடுமையாக்கக்கூடும். எந்த மாத்திரைக்குப் பின் உடல் விறைத்தது என்பதை வீட்டார் தேதியோடு சொல்ல வேண்டும்.

மின் சிகிச்சை

மாத்திரையில் போதிய குணம் தெரியாவிட்டாலும், உயிருக்கு ஆபத்து நெருங்கினாலும் மின் சிகிச்சை தரப்படும். 1938-இல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற இருவர் தொடங்கியது. "ஷாக் ட்ரீட்மெண்ட்" என்றதும் சினிமாவில் கட்டிப்போட்டுத் துடிக்கவைக்கும் காட்சிதான் நம் நினைவுக்கு வருகிறது. உண்மை வேறு. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுத்த பிறகே செய்கிறார்கள். மூளையில் வலிப்பலை ஒரு நிமிடம் அளவுக்கே ஓடும். நோயாளிக்கு வலி தெரியாது. சில நாள் ஞாபகக் குழப்பமும் தலைவலியும் இருக்கலாம்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் மின் சிகிச்சை தருவதைத் தடை செய்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குத் தர வேண்டுமானால் பாதுகாவலரின் சம்மதமும் மனநல வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். டவுன் சின்ட்ரோம் பிள்ளைகளுக்கு மயக்கம் கொடுக்கும் முன் இருதயத்தையும் கழுத்தெலும்பையும் சோதித்துக்கொள்ளுமாறு பெற்றோர் நினைவூட்டலாம்.

பதினெட்டு வயதான பிள்ளைக்குப் பெற்றோர் தாமாகவே சட்டப்படிப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை என்பதையும் பலர் அறியார். 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் சான்று பெற வேண்டும். நெருக்கடி வரும்முன் வாங்கி வைப்பது நல்லது.

பன்னிரண்டணா

என் மருமகனுக்கு வாரம் மூன்று முறையாக எட்டு முறை மின் சிகிச்சை தந்தார்கள். நான்காவது முறைக்குப் பின் சொல் வந்தது, ஆறாவது முறைக்குப் பின் தானாகச் சாப்பிட்டான். பழைய கணக்கில் சொன்னால், ரூபாய்க்குப் பன்னிரண்டணா திரும்பக் கிடைத்தான். இன்றைக்கு டம்ளர் அடுக்குகிறான். முன்னைவிட மெதுவாகத்தான், ஆனால் ஆறு ஆறாகத்தான். எதிர்க்கடைக்குத் தனியே போக இன்னும் தயங்குகிறான். மாத்திரை தொடர்கிறது. சிலருக்கு முழுக்க குணமாகிறது, சிலருக்கு நோய் திரும்பி வருகிறது. சீக்கிரம் போயிருந்தால் அந்த நாலணாவும் கிடைத்திருக்குமோ என்ற கேள்வி என்னை விட்டபாடில்லை.

தொடக்க இருப்பு

வியாபாரிக்குத் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. தொடக்க இருப்பு எழுதாத கடையில் நஷ்டம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. இப்பிள்ளைகளின் பெற்றோர் எல்லோரும் ஒரு நோட்டுப் புத்தகம் போட வேண்டும். பிறந்தநாள் தோறும் அதில் எழுதுங்கள்: எத்தனை சொற்கள் பேசுகிறான், தானே குளிக்கிறானா, சட்டைப் பித்தான் போடுகிறானா, எவ்வளவு நேரத்தில் சாப்பிடுகிறான், எடை என்ன, யார் யார் பெயரைச் சொல்லி அழைக்கிறான். செல்போனில் இரண்டு நிமிட வீடியோவும் எடுத்து வையுங்கள். நோய் வந்தால் அந்த நோட்டும் வீடியோவும்தான் டாக்டரிடம் பேசும். குறள் சொல்லும் நான்காவது அங்கத்தின் கடமை இதுவே.

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்று நான்கு தானங்களைச் சமணம் வகுத்துள்ளது. மருந்து கொடுக்க நமக்குத் தகுதியில்லை. ஆனால் மருந்து இருக்கிறது என்ற செய்தியை, தெரியாத ஒரு வீட்டுக்குச் சொல்வதும் ஔடத தானந்தான். உங்கள் தெருவில், உங்கள் உறவில், நேற்று வரை ஓடியாடிய ஒரு டவுன் சின்ட்ரோம் பிள்ளை இன்று பேச்சு நின்று உறைந்திருந்தால், "இதுக்குப் பேர் கேட்டடோனியாவா இருக்கலாம், மருந்து இருக்கு, வாங்க போகலாம்" என்று சொல்லி, கூடவே போய் வாருங்கள்.